கன்றின் பங்கு

அன்புள்ள ஜானு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். ஆனால் நான் நலமில்லை என்பது உனக்குத் தெரியும். நீ நலமாக இருக்கிறாய் என்பதை உன் அம்மா தினமும் போனில் கேட்டு எனக்குச் சொல்லிவிடுகிறாள். அதனால் அந்த வரியை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம், போனில் பேசலாமே என்று நீ கேட்பாய். போனில் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் மூச்சு வாங்குகிறது. உடனே நீ “போதும்ப்பா, ரெஸ்ட் எடு” என்று வைத்துவிடுகிறாய். எழுதும்போது யாரும் என்னை நிறுத்துவதில்லை. கல்கத்தாவில் நம் டாக்குரியா வீட்டு பால்கனியில் வெயில் இருக்கிறவரை உட்கார்ந்து, கொஞ்சம் எழுதி, கொஞ்சம் தெருவைப் பார்த்து, மறுபடி எழுதுகிறேன்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். என் இதயத்தில் ஒரு வால்வு சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டது. அதை எடுத்துவிட்டு வேறொன்று வைக்க வேண்டும். வைப்பதில் இரண்டு வகை. ஒன்று உலோகம். மற்றது மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கும் சவ்வை வெட்டித் தைத்துச் செய்தது. எது வேண்டும் என்று திங்கட்கிழமை டாக்டரிடம் சொல்ல வேண்டும். நான் முடிவு செய்துவிட்டேன். எப்படி அந்த முடிவுக்கு வந்தேன் என்பதை நீ ஊரிலிருந்து வந்து இறங்குவதற்கு முன் உனக்குச் சொல்லிவிட வேண்டும். நீ வந்தபிறகு இந்த வீட்டில் ஆஸ்பத்திரிப் பேச்சும் இன்ஷூரன்ஸ் பேச்சும் தவிர வேறு எதற்கும் இடம் இருக்காது.

முதலில் ஒன்று. எனக்குப் பயமாக இல்லை. இதைத் தைரியம் என்று நினைத்துக்கொண்டு நாலு பேரிடம் சொல்லிவிடாதே. கல்யாணப் பந்தியில் ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டு எழுந்தால் கால் இருக்கும், ஆனால் நம்முடைய கால் மாதிரி இருக்காது. இப்போது எனக்கு மனசு முழுக்க அப்படி இருக்கிறது. உன் அம்மா அழுதால் அழுகிறாள் என்று தெரிகிறது. காப்பி சூடாக இருந்தால் சூடு என்று தெரிகிறது. அதற்கு மேல் ஒன்றும் நடப்பதில்லை. துர்கா பூஜை நாட்களில் பாடாவில், நம் பேட்டை முழுக்க, கொட்டு முழங்கியபோது, ஒவ்வொரு வருஷமும் எரிச்சல்படுகிறவன், இந்த வருஷம் எரிச்சல்கூடப் படவில்லை. உன் அம்மா அதற்குத்தான் ரொம்பப் பயந்துபோனாள்.

படியில் நான் விழுந்ததைப் பற்றி அவள் உனக்குச் சொன்னது பாதிதான். லேக் மார்க்கெட்டில் வாழைப்பூவும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கி, மாடி ஏறும்போது கண் இருட்டியது. நீ காக்கிமா என்றும் நான் பௌதி என்றும் கூப்பிடுகிற எதிர்வீட்டு அம்மாள் அப்போது மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு அந்தக் கையோடு ஓடிவந்து, என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, சட்டையைத் திறந்து நெஞ்சைத் தடவிவிட்டாள். “தாதா, ஹாத்தே மாச்செர் கொந்தோ, கிச்சு மொனே கொர்பென் நா” என்றாள். கையில் மீன் வாசனை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று, மூச்சுக்குத் தவித்துக் கிடக்கிறவனிடம் மன்னிப்புக் கேட்கிறாள். நம் வீட்டுக்கு சந்தேஷ் இனிப்பு கொடுத்தனுப்புவதற்காகவே மீன் படாத ஒரு தனிப் பாத்திரம் வைத்திருக்கிறவள் அவள். பிறகு அவள் வீட்டுத் தண்ணீரையே வாயில் விட்டாள், நானும் குடித்தேன். வாசனை தெரிந்தது, அருவருப்பு வரவில்லை. அன்றைக்கே உள்ளே ஏதோ மரத்துப்போக ஆரம்பித்திருக்க வேண்டும் என்று முதலில் நினைத்தேன்.

டாக்டர் பெங்காலிப் பெண், உன்னைவிடக் கொஞ்சம் பெரியவள். என்னை மேஷோமஷாய் என்று கூப்பிடுகிறாள், சித்தப்பா முறை. இரண்டு வகை வால்வையும் மேஜைமேல் வைத்துக் காட்டினாள். சவ்வு வால்வு வெள்ளையாக, ரொம்ப மெல்லிசாக, இட்லித் துணியில் தைத்த மாதிரி இருந்தது. எதிலிருந்து எடுத்தது என்று கேட்டேன். “கோரு” என்றாள். பசு. நான் உடனே அதைத் தள்ளி வைத்துவிட்டு, உலோகமே போதும் என்றேன். அவள் என் பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டிக்கொண்டு, உலோகம் வைத்தால் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும், வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்து ஒரு தடவை படுத்துவிட்ட உங்களுக்கு அது ஆகாது, மறுபடி கசிந்தால் நிறுத்துவது கஷ்டம் என்றாள். “நீங்கள் பிடிவாதமாகக் கேட்டால் வைக்கிறேன். என் பாபாவாக இருந்தால் வைக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை வரை யோசிக்கச் சொன்னாள். வெளியே வந்ததும் உன் அம்மாவிடம் உலோகம்தான் என்றேன். “இரும்பை உள்ள வெச்சுண்டா துரு பிடிக்காதாக்கும்?” என்றாள். துரு பிடிப்பதற்குள் நான் போய்விடுவேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டாம்.

ஏன் உலோகம் என்று நீ அப்போது கேட்டிருந்தால் பெருமையாகவே பதில் சொல்லியிருப்பேன். என் தாத்தா ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இந்த ஊருக்கு வந்தார். அன்றிலிருந்து நம் குடும்பத்துக்கு இருக்கிற ஒரே பட்டம், கல்கத்தாவில் இருந்தும் மீன் தொடாதவர்கள் என்பதுதான். அப்பா வீடு பார்க்கப் போனால் முதலில் மூக்கைத்தான் அனுப்புவார். நான் பாங்க்கில் பார்ட்டி என்றால் சொந்த டம்ளர் எடுத்துக்கொண்டு போவேன். சகாக்கள் கேலி செய்வார்கள், எனக்கு அதுவும் ஒரு மாலை மாதிரித்தான் இருந்தது. அப்படி இருந்தவன் கடைசிக் காலத்தில் ஒரு மாட்டை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு சந்தியாவந்தனம் பண்ணுவதா என்று தோன்றியது. அந்த மாடு என்ன ஆயிற்று என்பது அப்போது என் நினைவிலேயே வரவில்லை. என்னை அது என்ன செய்யும் என்பதுதான் வந்தது.

சரி, வாத்தியாரைக் கேட்போம் என்று லேக் மார்க்கெட் பக்கம் இருக்கிற நம் சாஸ்திரிகளுக்குப் போன் செய்தேன். நல்ல மனுஷர், பதறவில்லை. “ஆபத்துக்கு தோஷம் இல்லை மாமா. கவலையே படாதீங்கோ. ஆத்துக்கு வந்தப்பறம் ஒரு நல்ல நாளா பார்த்து பஞ்சகவ்யம் சாப்பிட்டுடலாம், சரியாப் போயிடும்” என்றார். பஞ்சகவ்யம் என்றால் உனக்குத் தெரியும்: பால், தயிர், நெய், கோமியம், சாணம். மாட்டை உள்ளே வைத்ததற்குப் பரிகாரம் மாட்டையே குடிப்பது. நான் தாங்க்ஸ் சொல்லிவிட்டு போனை வைத்தேன். இது சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. பழைய நானாக இருந்தால் உன்னைக் கூப்பிட்டுச் சொல்லி, இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருப்போம். ரொம்ப நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சிரிப்பு வரவில்லை.

அடுத்த நாள் டாக்டரிடம் வேறு ஏதோ கேட்கப் போனபோது, உலோக வால்வு வைத்தால் மிருகச் சம்பந்தமே இருக்காதுதானே என்று உறுதிப்படுத்திக்கொள்ளக் கேட்டேன். அவள் பொய் சொல்லத் தெரியாத பெண். எந்த வால்வு வைத்தாலும் ஆபரேஷனின்போது ரத்தம் உறையாமலிருக்க ஓர் ஊசி போட்டே ஆக வேண்டும், அந்த மருந்து பன்றியின் குடலிலிருந்து எடுப்பது என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, “மேஷோமஷாய், ஆஞ்சியோகிராம் எடுத்த அன்றைக்கே உங்களுக்கு அது போட்டாயிற்று” என்றாள். வீட்டுக்கு வந்து மணிக்கட்டில் ஊசி ஏறிய இடத்தைப் பார்த்தேன். மாலையில் குளித்தேன், விபூதி இட்டுக்கொண்டேன், சாப்பிட்டேன். மூன்று தலைமுறையாகக் கட்டிக் காத்த கோட்டை போய்விட்டது, போனது எனக்கே தெரியவில்லை, போனது தெரிந்தபிறகும் ஒன்றும் ஆகவில்லை. அதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் உனக்குப் போன் செய்தேன். நீ உலோகம் என்றுதான் சொல்வாய் என்று நிச்சயமாக நினைத்தேன், ஜானு. என் பக்கத்தில் நிற்க இந்த வீட்டில் நீ ஒருத்தியாவது இருப்பாய் என்று நினைத்தேன். பால் தொடாதவள், தேன்கூடச் சாப்பிடாதவள், தோல் செருப்புப் போடாதவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நீ “மாட்டோடதையே வெச்சுக்கோப்பா” என்றாய். எனக்கு வந்தது கோபம்தான். நாள் கணக்கில் ஒன்றுமே தோன்றாமல் கிடந்தவனுக்கு முதலில் வந்தது அது. “ஒரு ஸ்பூன் பால் பாவம், இது மட்டும் பாவம் இல்லையா? உன் கொள்கை எல்லாம் என்ன ஆச்சு?” என்று கத்தினேன், மூச்சு வாங்கியது. நீ அழுகிறாய் என்று குரலில் தெரிந்தது. “சே, என்னப்பா நீ. என் கை சுத்தமா இருக்கணும்னா நான் இதெல்லாம் பண்றேன்? அப்படின்னா மெட்டல்னு சொல்லிட்டு நிம்மதியா தூங்குவேன். நீ ரத்தம் கக்கிண்டு கெடப்பே. வேற வழி இருக்கறச்சே அதுகள்ட்டேந்து எடுக்க வேண்டாங்கறேன், அவ்வளவுதான். இங்க வேற வழி எங்கப்பா இருக்கு? எடுத்துக்கோ. ஆனா அது உனக்குக் குடுத்துதுன்னு மட்டும் சொல்லாதே. நாம எடுத்துக்கறோம்.” இதைச் சொல்லிவிட்டுத்தான் நீ ரெஸ்ட் எடுக்கச் சொன்னாய்.

அன்றிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த புதிதில், ரயில்வே லைன் பக்கம் ஒரு காட்டால் இருந்தது, மாட்டுக்கொட்டில். நகரத்துக்குள் மாடு கூடாது என்று பிறகு அப்புறப்படுத்திவிட்டார்கள். பால்காரன் தண்ணீர் கலக்கிறான் என்று எனக்குச் சந்தேகம், அதனால் காலையில் உன்னையும் கூட்டிக்கொண்டு போய், கண்ணெதிரே கறக்கச் சொல்லி வாங்கிவருவேன். ஒருநாள் மாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கன்று நின்றது, அசையவில்லை. தாய் அதை நக்கிக்கொண்டே இருந்தது. அது ஏன் வாலை ஆட்டவில்லை என்று நீ கேட்டாய். பால்காரன் அதை ஒரு கையால் தூக்கிக் காட்டி, “அந்தர் பூசா ஹை, பிட்டியா” என்றான். செத்துப்போன கன்றின் தோல், உள்ளே வைக்கோல். கன்று பக்கத்தில் இருந்தால்தான் மாடு பால் சுரக்கும், கன்றுக்குக் கொடுத்தால் விற்கப் பால் மிஞ்சாது, அதனால் இப்படி. எல்லாக் கொட்டிலிலும் செய்வதுதான் என்றான். நீ அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் அவன் செம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தண்ணீர் இருக்கிறதா என்று. அன்றைக்குப் பாலில் தண்ணீர் இல்லை, எனக்கு ரொம்பத் திருப்தி.

என் அறுபதாம் கல்யாணத்தில் நீ பட்டு உடுத்தாமல் பருத்திப் புடவையில் வந்து நின்றதும், பந்தியில் பால் பாயசம் வந்தபோது இலைக்கு மேல் கையை வைத்து மறைத்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும். மாமாக்கள், அத்தைகள், பாங்க் ஆட்கள் எல்லாரும் இருக்கிற பந்தி. “நாங்க எல்லாரும் கொலைகாராளா? மீன் முள்ளுகூடப் படாத வம்சம்டி இது” என்று நான் சத்தம் போட்டேன். நீ சத்தம் போடவில்லை. “நீங்க மீன் சாப்பிடாதது உங்களுக்காகப்பா. நான் பால் குடிக்காதது அந்தக் கன்னுக்குட்டிக்காக” என்றாய். பெரிய மகான் வந்துவிட்டாள் என்று உன் அத்தை சொன்னாள், நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன். அந்த வாக்கியத்தில் கூர்மை இருந்தது என்பது அப்போதே தெரிந்தது. அது யாரைக் குத்துகிறது என்று மட்டும்தான் பார்த்தேன், யாருக்காகச் சொல்கிறாய் என்று பார்க்கவில்லை. இப்போது அந்தச் சவ்வு வால்வை நினைக்கும்போதெல்லாம் புரிகிறது. நம் ஆசாரத்தில் மீனும் இல்லை, மாடும் இல்லை, கன்றும் இல்லை. நாம் மட்டுமே இருந்தோம். நமக்குத் தீட்டு வரக்கூடாது, நமக்குப் பாவம் வரக்கூடாது, நமக்கு நல்ல கதி வேண்டும். அதுகளுக்கு என்ன வேண்டும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்குக் கிடைத்த சுத்தம் ஓர் ஊசியோடு போய்விட்டது. உன்னுடையதை எந்த ஊசியாலும் கெடுக்க முடியாது, ஏனென்றால் உன்னைப் பற்றிய கவலையே அதில் இல்லை. சொல்லும்போது எனக்கு உன்னைப் பற்றிப் பெருமையாக இருக்க வேண்டும். இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன், எங்கேயோ தூரத்தில் யார் வீட்டிலோ ரேடியோ பாடுகிற மாதிரி கேட்கிறது.

அதனால் திங்கட்கிழமை டாக்டரிடம் மாட்டுச் சவ்வையே வைக்கச் சொல்லப்போகிறேன். பிழைக்க வேண்டும் என்று ஆசை இருக்கிறதா என்று கேட்டால் தெரியாது. உன் அம்மாவுக்காகவும் உனக்காகவும் பிழைத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறது, இப்போதைக்கு அது போதும். இன்று மத்தியானம் சாப்பிடும்போது தயிர் வேண்டாம் என்றேன். உன் அம்மா கரண்டியும் கையுமாக நின்றுவிட்டாள். “ஏன்னா, ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டர் வேண்டான்னாளா?” என்று கேட்டாள். டாக்டர் சொல்லவில்லை, ஒரு மாட்டை முழுசாக எடுத்துக்கொள்ளப் போகிறேன், அதற்கு மேல் அதன் கன்றுக்குரியதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றேன். தயிர் இல்லாமல் சாப்பாட்டை எப்படி முடிப்பது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ரசம் சாதத்தோடு எழுந்துவிட்டேன். வயிறு நிறைந்துதான் இருக்கிறது, ஆனால் இன்னும் சாப்பாடு முடியாத மாதிரியே இருக்கிறது. காப்பிக்கு என்ன செய்வது என்று நீ வந்து சொல். அந்த பாதாம் பால் மட்டும் வேண்டாம், அதைக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று நீ சொல்கிற முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

அப்பா என்ற முறையில் ஒரே ஒரு புத்தி சொல்கிறேன், கேட்டால் கேள். மீன் சாப்பிடுகிறவர்களைக் கண்டால் உன் முகம் சில சமயம் என் அப்பாவின் முகம் மாதிரி ஆகிவிடுகிறது. போன தடவை வந்தபோது பௌதி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பார்த்தேன். அவள் என் நெஞ்சைத் தடவிய கையில் மீனும் இருந்தது, என்னைப் பிழைக்க வைக்க வேண்டும் என்கிற தவிப்பும் இருந்தது. இரண்டையும் ஒரே கையில் வைத்திருக்க மனுஷர்களால் முடியும். நீ அந்த மாட்டிடம் காட்டுகிற பொறுமையில் கொஞ்சத்தை அவர்களுக்கும் வை. நாளைக்கு நீயும் உனக்கென்று ஒரு தனிப் பாத்திரம் வைத்துக்கொண்டு, அதைப் பிறர் தொட்டால் கழுவ ஆரம்பித்துவிட்டால், நாங்கள் இருந்த இடத்துக்கே வந்து சேர்ந்துவிடுவாய்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், அதை உன் அம்மா எதிரில் சொல்ல முடியாது. டாக்டர் நம்பிக்கையாகத்தான் பேசுகிறாள். ஆனாலும் நான் அந்த மேஜையிலிருந்து எழுந்து வராமல் போகலாம். அப்படியானால் காரியங்களை யார் செய்தாலும் சரி, நீயே செய்தாலும் சரி, வாத்தியார் கோதானம் கொடுக்கச் சொல்வார். நிஜ மாடு இல்லை, ஒரு தேங்காயை வைத்து மாடு என்று சங்கல்பம் செய்துகொண்டால் போதும் என்பார். செத்தவன் ஒரு பெரிய ஆற்றைக் கடக்க வேண்டுமாம். தானம் கொடுத்த மாடு கரையில் வந்து நிற்குமாம், அதன் வாலைப் பிடித்துக்கொண்டுதான் அக்கரை போக வேண்டுமாம். நீ வேண்டாம் என்று சொல்லிவிடு. தேங்காய்கூட வேண்டாம். அப்பாவே சொல்லிவிட்டுப் போனார் என்று சொல். அதன் நெஞ்சில் இருந்ததை நான் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டேன், ஜானு. வாலையும் கொடு என்று எந்த முகத்தோடு கேட்பேன்?

உன் அப்பா